கூண்டு இல்லை என்றால் போதுமா? உணவுக்காக வளர்க்கும் பிராணிகளின் நலனை எதில் பார்ப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: இறைச்சி, முட்டை, பாலுக்காக வளர்க்கும் பிராணிகளை "நல்லபடியாக நடத்துவது" என்றால் நடைமுறையில் என்ன? கூண்டில்லாமல் வளர்த்தது, மேய்ந்து வளர்ந்தது என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுவோம். பிராணியைக் கொல்வது சரியா என்பது ஒரு கேள்வி. கொல்லும் நாள் வரை அது எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் "கூடவே கூடாது" என்று சொல்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் வாதம் வலுவானதுதான். ஆனால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேல் கோழிகள் மட்டும் அறுபடுகின்றன. அந்த வாதம் ஒரு முடிவுக்கு வரும்வரை இவற்றின் பாடு காத்திருக்காது. நான் இங்கே எழுதுவது இரண்டாவது கேள்விக்கான பதில்.

பிரிட்டனில் 1965-இல் பிராம்பெல் குழு அரசுக்குக் கொடுத்த அறிக்கை, பண்ணைப் பிராணிக்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கால் இறக்கையை நீட்ட இடம் வேண்டும் என்றது. 1979-இல் அது "ஐந்து விடுதலைகள்" ஆனது: பசி தாகம் இல்லாமை, அசௌகரியம் இல்லாமை, வலியும் நோயும் இல்லாமை, அச்சம் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு. நல்ல பட்டியல். ஆனால் அதைச் சட்டமாக்கியபோது பெரும்பாலான இடங்களில் கட்டடத்தை அளக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. ஒரு தலைக்கு எத்தனை சதுர செ.மீ., எத்தனை தண்ணீர்க் குழாய், எத்தனை மணி நேர வெளிச்சம் என்று கணக்கெடுப்பது சுலபம். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட கொட்டகைக்குள் பாதிக் கோழி நொண்டிக்கொண்டு இருக்கலாம். பிராணியின் உடம்பிலும் நடையிலும் குரலிலும் தெரிவதை அளந்தால்தான் உண்மை வெளியே வரும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

முட்டைக்கோழியிலிருந்து தொடங்குகிறேன். வழக்கமான கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 450 முதல் 550 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளே 620 சதுர செ.மீ.க்குச் சற்று மேல். இறக்கை விரியாது, மண்குளியலுக்கு மண் கிடையாது, முட்டையிட ஒதுக்குப்புறம் கிடையாது. கடைசியாகச் சொன்னதைப் பலர் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். முட்டை வருவதற்கு முன்பு மறைவிடம் தேடுவது ஹார்மோன் தூண்டும் செயல். கூண்டில் இடம் இல்லை என்பதால் அந்தத் தூண்டுதல் அடங்குவதில்லை. தினமும் ஒருமுறை கோழி தவித்துத் தவித்து நடக்கும். முட்டையிட மறைவாக வைத்த முட்டைப்பெட்டிக்குப் போக எடை வைத்த கதவைக்கூடத் தள்ளிக்கொண்டு போகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கூண்டுகளை 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அங்கே அனுமதிக்கப்படும் மேம்படுத்திய கூண்டில் தலைக்கு 750 சதுர செ.மீ., முட்டைப்பெட்டி, அமர்வதற்கு 15 செ.மீ. கம்பி ஆகியவை கட்டாயம்.

சரி, கூண்டை எடுத்துவிட்டால்? பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. இன்றைய முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அதன் மூதாதையான காட்டுக்கோழி இடுவது ஒரு டஜன் சொச்சம்தான். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், கோழி தீனி தின்னாத நேரத்தில். குடலில் கால்சியம் தீர்ந்துபோனால் எலும்பிலிருந்து எடுக்கும். மாதக்கணக்கில் இப்படி எடுத்த எலும்போடு அந்தக் கோழி பல அடுக்குக் கொட்டகையில் மேலிருந்து கீழே பறந்து இறங்குகிறது. தடுமாறிக் கம்பியில் மோதுகிறது. முட்டைக் காலம் முடியும் தறுவாயில் மந்தையில் பாதிக்கு மேல் நெஞ்செலும்பு முறிந்திருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இது கூண்டில்லாத கொட்டகைகளையும் சேர்த்துத்தான்.

கண்டுபிடிக்கும் முறை எளிது: கோழியைத் தூக்கி மார்பின் நடுவே கூர்மையாக ஓடும் எலும்பின் விளிம்பில் இரண்டு விரல்களால் மேலிருந்து கீழ்வரை தடவ வேண்டும். நேராக, வழுவழுப்பாக இருக்க வேண்டியது; முறிந்து ஒட்டியிருந்தால் முடிச்சு தட்டுப்படும், அல்லது எலும்பே வளைந்திருக்கும். குறிப்பாக அதன் கீழ்முனையைத் தவறாமல் பார்க்க வேண்டும். இதைக் குறைக்க வழி உண்டு. அடுக்குகளுக்கு இடையே சாய்தளம் வைத்தால் விழுவது குறைகிறது. தூள் சுண்ணாம்பை மட்டும் நம்பாமல், பிற்பகலில் பெரிய பருக்கையாக உள்ள சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சல் துண்டோ கொடுத்தால் அது இரவு முழுக்க இரைப்பையில் மெதுவாகக் கரையும். விளக்கை ஒரே நொடியில் அணைக்காமல் படிப்படியாக மங்கவிட்டால் கோழிகள் வெளிச்சம் இருக்கும்போதே ஏறி அமர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இறகு பிடுங்குவதும் கொத்திக் கொல்வதும். இதற்காகத்தான் அலகை வெட்டுகிறார்கள். வளர்ந்த கோழிக்குச் சூட்டுக்கத்தியால் வெட்டினால் அறுந்த நரம்பு முனைகளில் கட்டி வளர்ந்து நாள்பட்ட வலி நிற்கும். பொரித்த முதல் நாளில் அகச்சிவப்புக் கதிரால் நுனியை மட்டும் கருக்குவது ஒப்பீட்டில் தேவலை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் வெட்டுவதற்கே தடை. ஆக, வெட்டாமலும் பண்ணை நடத்த முடியும். கொத்துவது சண்டைக்குணம் அல்ல. தீனி தேடிக் கிளறும் பழக்கத்துக்குக் கிளற எதுவும் கிடைக்காதபோது பக்கத்துக் கோழியின் இறகு அந்த இடத்துக்கு வருகிறது. தரையில் பரப்பிய கூளம் காய்ந்து உதிரியாக இருக்கிறதா, தீவனத்தில் உப்பும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் குறைந்திருக்கிறதா, செவ்வுண்ணி ஏறியிருக்கிறதா என்று இந்த வரிசையில் தேடுங்கள். குஞ்சுப் பருவத்தில் கூளமே காணாத கோழிகளைப் பிறகு எவ்வளவு நல்ல கொட்டகையில் விட்டாலும் இந்தப் பழக்கம் போவது கடினம்.

முட்டைத் தொழிலில் அட்டை பேசாத இன்னொரு உண்மை ஆண் குஞ்சு. முட்டையும் இடாது, கறியும் சரியாகப் பிடிக்காது என்பதால் பொரித்த நாளிலேயே கொன்றுவிடுகிறார்கள். கூண்டு முட்டைக்கும் இதுதான், மேய்ச்சல் முட்டைக்கும் இதுதான். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்தது. அடைகாக்கும்போதே முட்டைக்குள் பாலினம் கண்டறியும் இயந்திரங்கள் அதனால்தான் வேகமாகப் பரவின.

இனி கறிக்கோழி. எண்ணிக்கையிலும் துன்பத்திலும் இதுவே பெரியது என்பது என் கணிப்பு. இங்கே கூண்டு பேச்சே பெரும்பாலும் பொருத்தமில்லை. கறிக்கோழி பெரும்பாலான இடங்களில் தரையில்தான் வளர்கிறது. அதற்குக் "கூண்டில்லா" என்று அட்டை போடுவது உண்மை, ஆனால் ஒன்றும் சொல்லாத உண்மை. துன்பம் இருப்பது இனத்தின் உள்ளேயே. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம். புதிய ரகம் 4.2 கிலோ. தசை இந்த வேகத்தில் ஏற, எலும்பும் இதயமும் பின்தங்குகின்றன. கால் வளைதல், தொடை எலும்பின் தலையில் அழுகல், வயிற்றில் நீர் கோத்தல், நன்றாக இருந்த கோழி திடீரென்று மல்லாந்து சாவது எல்லாமே இந்த வேகத்தோடு சேர்ந்து வருபவை.

நடையைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் தடையில்லாத நடை. 3 என்றால் நொண்டல் தெளிவாகத் தெரியும், வேகம் குறையும். 5 என்றால் நடக்கவே முடியாது. 3-க்கு மேல் வலி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் இரு நிறத் தீவனம் வைத்து, ஒன்றில் மட்டும் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணியைக் கலந்தார்கள். நொண்டும் கோழிகள் மருந்து கலந்ததைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்துத் தின்றன. நொண்டல் கூடக்கூட அளவும் கூடியது. கோழிக்கு வலி தெரியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

பண்ணையாளர் கையில் உள்ளவற்றில் முதலிடம் கூளத்துக்கு. ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிடித்துக் கையை விரியுங்கள். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் ஈரம் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். சேரவே இல்லை என்றால் தூசு கிளம்பும். ஈரம் 30 சதவீதத்தைத் தாண்டினால் மேலே பொருக்குக் கட்டும். எச்சத்தின் நைட்ரஜன் அமோனியாவாக மாறும். ஈரமும் அமோனியாவும் சேர்ந்து உள்ளங்காலை அரிக்கும். கோழியின் காலைத் திருப்பிப் பார்த்தால் நடுப்பகுதியில் கருப்பாக வட்டமாக ஒரு பொருக்கு. அதைக் கழுவிவிட்டுப் பார்த்தால் கீழே பள்ளமாகப் புண். முழங்காலுக்குப் பின்புறம் பழுப்புத் தழும்பு இருந்தால், அது அதிக நேரம் படுத்தே கிடந்தது என்று பொருள். அறுப்புக்கூடத்தில் வெட்டிப் போட்ட கால்களின் குவியலைப் பார்த்தாலே அந்தக் கொட்டகையின் ஆறு வார வரலாறு தெரிந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கொத்தினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாய்களிலிருந்து. குழாய் தாழ்வாக இருந்தால் கோழி பக்கவாட்டில் கொத்தும், தண்ணீர் சிந்தும். தலையை உயர்த்தி, கழுத்தை நீட்டி, பாதம் முழுதும் தரையில் பதிந்திருக்கக் குடிக்கும் உயரம்தான் சரியானது. வளர வளர அதை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அடுத்த காரணம், தீவனத்தில் உப்போ புரதமோ மிஞ்சிப்போய் எச்சம் இளகுவது. மூன்றாவது, சூடு போய்விடும் என்று பயந்து காற்றோட்டத்தை அடைப்பது. காற்றில் அமோனியா 20 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இருக்க வேண்டும், அதையும் கோழியின் தலை உயரத்தில் அளக்க வேண்டும். குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி மோந்து பார்ப்பதில் அர்த்தமில்லை. தினமும் உள்ளே போகிறவரின் மூக்கு வேறு பழகிப்போயிருக்கும், அதனால் கருவி வைத்து அளப்பதே மேல்.

நெருக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை வரம்பு சதுர மீட்டருக்கு 33 கிலோ உயிர் எடை. கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 42 வரை போகலாம். 2.2 கிலோ கோழி என்றால் 33 கிலோவுக்கு 15 கோழி. வளர்ப்பின் கடைசி வாரத்தில்தான் இந்த அளவு எட்டப்படும். ஆகவே முதல் வாரத்தில் எடுத்த புகைப்படத்தை யாராவது காட்டினால் அதற்கு மதிப்பில்லை. நாளுக்குக் குறைந்தது 6 மணி நேர இருட்டு, அதில் 4 மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். 23 மணி நேரம் விளக்கெரித்துத் தின்னவைப்பது கால்களைத்தான் கெடுக்கும்.

இவ்வளவு செய்தாலும் வேக ரகத்தின் கால் ஓரளவுக்குத்தான் தேறும். என்னைக் கேட்டால், ஒரு பண்ணையாளர் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார் என்றால் அது இடத்தைக் கூட்டுவதாக இருக்கக் கூடாது. மெதுவாக வளரும் ரகத்துக்கு மாறுவதாக இருக்க வேண்டும். செலவு கூடும், தீவனம் கூடும், அதை மறைப்பதில் பயனில்லை. வேக ரகத்துக்கு இன்னொரு இருட்டுப் பக்கமும் உண்டு. இதே மரபணுவோடு பிறக்கும் தாய்க்கோழிகள் விருப்பத்துக்குத் தின்றால் முட்டையிடும் வயதுவரை ஆரோக்கியமாக இருக்காது. அதனால் வளரும் பருவத்தில் அவை தின்ன விரும்பும் அளவில் பாதியோ அதற்கும் குறைவாகவோ கொடுத்து நிரந்தரப் பசியில் வைத்திருக்கிறார்கள். கறிக்கோழி அட்டை எதிலும் தாய்க்கோழி வராது.

நொண்டி விழுந்த கோழியை என்ன செய்வது என்பதும் நலனில் சேர்ந்ததுதான். தண்ணீருக்கு நடக்க முடியாத கோழியை அன்றே கொன்றுவிட வேண்டும். நாளை பார்ப்போம் என்றால் அது தாகத்தில் சாகும். கையால் கழுத்தை முறிப்பது 3 கிலோவுக்குட்பட்ட கோழிக்கு மட்டும். ஐரோப்பிய விதி ஒருவர் நாளுக்கு 70-க்கு மேல் இப்படிச் செய்யக் கூடாது என்கிறது, கை சோர்ந்தால் முறிவு அரைகுறையாகும் என்பதால். முறித்த பிறகு தலைக்கும் முதுகெலும்புக்கும் இடையே விரலை வைத்தால் இடைவெளி தெரிய வேண்டும்.

பால்மாட்டுக்கு வருவோம். மாடு நாளில் 10 முதல் 14 மணி நேரம் படுத்திருக்கும்; கிடைக்காவிட்டால் தீனியைக் குறைத்துக்கொண்டாவது படுக்க முயலும். படுக்கை சரியா என்று பார்க்க, அந்த இடத்தில் நீங்களே முழங்காலைத் தரையில் போட்டுப் பாருங்கள். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். பத்து விநாடி கழித்து எழும்போது முழங்கால் நனைந்திருந்தால் மடிநோய் தூரத்தில் இல்லை. பிறகு மாடுகளை நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள். நிற்கும்போது நேராகவும் நடக்கும்போது வளைந்தும் இருந்தால் குளம்பில் வலி தொடங்கிவிட்டது. தலையை ஆட்டி நடக்கும் வரை காத்திருந்தால் தாமதம்.

கன்றுக்குச் சீம்பால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 முதல் 4 லிட்டர், முதல் சில மணி நேரத்திலேயே போக வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் அப்படியே உள்ளே விடுவது முதல் நாளில் மட்டும்தான். மணிக்கு மணி அந்த வாசல் மூடிக்கொண்டே வரும். காளைக் கன்று என்பதற்காகச் சீம்பாலைக் குறைப்பது பரவலாக நடக்கும் அநியாயம். பாலினம் பிரித்த விந்தணு கொண்டு சினைப்படுத்தினால் பிறப்பதில் பத்துக்கு ஒன்பது கிடேரி. வேண்டாத கன்று பிறப்பதையே தடுக்கும் வழி இது. கொம்புக் குருத்தைச் சுடுவதானால் முதல் சில வாரங்களிலேயே, கொம்பு நரம்புக்கு லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து போட்டு, பத்து நிமிடம் பொறுத்து, ஊசியால் குத்தி உணர்ச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் சுட வேண்டும். மரத்துப்போவது இரண்டு மூன்று மணி நேரம்தான் நிற்கும்; தீப்புண்ணின் வலி அதைத் தாண்டும். அதனால் மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணியும் சேர்த்துத் தர வேண்டும். பெரும்பாலோர் விடுவது இந்த இரண்டாவதைத்தான்.

பன்றியைப் பற்றிச் சுருக்கமாக. சினைப்பன்றியை ஏறக்குறைய 60 செ.மீ. அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள கம்பிச் சட்டத்துக்குள் சினைக்காலமான 115 நாளில் பெரும்பகுதி நிறுத்துவதுதான் இதில் மிகக் கொடியது. அதில் திரும்பவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் சினையின் முதல் நான்கு வாரம் தவிர மற்ற காலத்தில், குட்டி ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை, குழுவாகத்தான் வைக்க வேண்டும். வால் கடிப்பைத் தடுக்க வாலை வெட்டுகிறார்கள். வைக்கோல் போன்ற கிளறிக் கடிக்கும் பொருள் இல்லாமை, குளிர்காற்று, தீவனத் தொட்டியில் நெரிசல் ஆகியவைதான் வேர். கடிப்பு தொடங்கும் முன்பே வால்கள் சுருண்டிருப்பதை விட்டுத் தொங்கத் தொடங்கும். அதைக் கவனித்தால் அன்றே வைக்கோலைப் போட்டு, கடிக்கும் பன்றியைப் பிரித்துவிடலாம்.

பண்ணை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசி ஒரு நாளில் எல்லாம் கெட்டுப்போகும். கோழிகளை ஒற்றைக் காலில் பிடித்துக் கைக்கு நான்கைந்தாகத் தொங்கவிட்டால் தொடை மூட்டு கழன்று உள்ளே ரத்தம் கசியும், இறக்கை முறியும். மங்கலான நீல வெளிச்சத்தில், உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தால் அமைதியாக இருக்கும்; நேரம் கொஞ்சம் கூடும். பட்டினி 8 முதல் 12 மணி நேரம் போதும், தண்ணீரை ஏற்றும் வரை நிறுத்தக் கூடாது. கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பெட்டிகளுக்கு நடுவே ஈரப்பதம் ஏறினால் மூச்சிரைத்தும் பயனில்லை. வண்டி ஓடும்போது காற்று உள்ளே போகும். நின்றால் நடு அடுக்குகளில் சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறத் தொடங்கும். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் சாப்பிடப் போவது எத்தனையோ கோழிகளின் சாவுக்குக் காரணம்.

மாடு, ஆட்டை ஏற்றி இறக்கும்போது அடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது, நிற்கும் இடம்தான் மாட்டை நகர்த்துகிறது என்பது. தோளுக்குப் பின்பக்கம் நின்றால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னே வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். நகராமல் முரண்டு பிடித்தால் அது எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். தரையில் தேங்கிய நீரின் பளபளப்பு, தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும் வாசல் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டால் தடியே தேவைப்படாது. கால் வழுக்கும் தரைதான் மாட்டை மிகவும் மிரளவைப்பது. எழ முடியாத மாட்டை இழுத்து ஏற்றுவதைப் பொறுத்தவரை எந்தச் சலுகையும் சரியல்ல. படுத்த இடத்திலேயே கொல்ல வேண்டும்.

அறுப்புக்கூடத்தில் நடப்பதை எண்ணில் அளக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் பிராணி நல ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின். அவருடைய தணிக்கை முறையில் முதல் அடியிலேயே மயங்கிய மாடுகள் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வழுக்கி விழுபவை 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வரிசையில் கத்துபவை 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொங்கவிட்ட பிறகு உணர்வோடு இருப்பது ஒன்றுகூட இருக்கக் கூடாது. கத்துவதை எண்ணுவது கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நம்பகமான அளவுகோல் அது. கூடத்தின் கடைசியில் நின்று காதால் எண்ணினாலே முன்னே என்ன தவறு நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

மண்டையில் இரும்புக் கம்பியைப் பாய்ச்சி மயக்கும் போல்ட் துப்பாக்கியை மாட்டுக்கு வைக்கும் இடம் இரு கண்களுக்கு நடுவே அல்ல, அதற்கும் மேலே. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்கு ஒரு கோடு இழுத்தால் இரண்டும் வெட்டும் புள்ளி அது; மண்டைக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கையல்ல. ஈரம் ஏறிய தோட்டா, தினமும் சுத்தம் செய்யாமல் கரி படிந்த குழல், தலையை அசைய விடும் கூண்டு என்று வேறு இடத்தில் இருக்கும். இரண்டாவது துப்பாக்கி நிரப்பித் தயாராகக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மயங்கியதற்கு அடையாளம்: அந்த நொடியே கால் மடிந்து விழும், சீரான மூச்சு இருக்காது, கருவிழியைத் தொட்டால் இமை அசையாது, குரல் வராது, தலையைத் தூக்க முயலாது. கால் உதைப்பது மட்டும் உணர்வின் அடையாளம் அல்ல. அது முதுகுத்தண்டின் வேலை. மூச்சு திரும்பினால் அதுதான் ஆபத்து மணி, உடனே மறுபடி சுட வேண்டும். போல்டுக்குப் பிறகு ஒரு நிமிடத்துக்குள், தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சியிருந்தால் 15 விநாடிக்குள் ரத்தக் குழாயை வெட்டிவிட வேண்டும், ஏனென்றால் மின்மயக்கம் தெளிந்துவிடும்.

மயக்காமல் அறுப்பதைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். செம்மறியாடு பொதுவாக 20 விநாடிக்குள் நினைவிழக்கும். மாட்டில் சிலவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். கழுத்தின் முன்புறக் குழாய்களை வெட்டினாலும் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் தமனி மூளைக்கு ரத்தம் தந்துகொண்டிருக்கும், வெட்டிய குழாயின் முனையில் ரத்தம் கட்டி அடைத்தும் தாமதமாகும். ஆகவே மயக்கிவிட்டு அறுப்பதே மேல் என்பது என் தெளிவான கருத்து. தெளியக்கூடிய மின்மயக்கத்தை ஹலால் முறைக்குள் ஏற்கும் மத அமைப்புகள் உள்ளன. மயக்காமல்தான் அறுபடும் என்றால், கழுத்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள, ஒவ்வொரு பிராணிக்கும் சோதித்துத் தீட்டிய கத்தி, இருபக்கக் குழாய்களும் சேர்ந்து அறும் ஒரே வீச்சு, தலைகீழாகத் தொங்கவிடாமல் நிமிர்த்திப் பிடித்தல், நினைவு போகும் வரை தூக்காமலும் உரிக்காமலும் இருத்தல், அடுத்த பிராணியின் கண்ணில் படாமை ஆகியவை குறைந்தபட்சம்.

கோழிகளை உயிரோடு தலைகீழாகக் கொக்கியில் மாட்டி, மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்குவது பெரிய கூடங்களின் வழக்கம். இறக்கை முதலில் தண்ணீரைத் தொட்டால் மயங்கும் முன்பே அதிர்ச்சி. தலை தண்ணீரைத் தொடாமல் போனால் உணர்வோடு கத்திக்குப் போகும். மின்னோட்டம் குறைவாக வைத்தால் கறியில் ரத்தப்புள்ளி வராது என்பதால் குறைக்கும் ஆசையும் உண்டு. மின்சாரத்தின் அதிர்வெண் 200 ஹெர்ட்சுக்குக் கீழே இருந்தால் ஒரு கோழிக்குக் குறைந்தது 100 மில்லி ஆம்பியர் என்பது ஐரோப்பிய விதி. பெட்டியிலிருந்து எடுக்காமலே வாயுவால் மயக்கும் முறையில் இந்தத் தொங்கல் தேவைப்படாது. பன்றிக்குக் கார்பன் டைஆக்சைடு பயன்படுத்துவதை நல்ல முறை என்று சொல்ல மாட்டேன். அடர்த்தியான அந்த வாயு மூக்கின் ஈரத்தில் அமிலமாகி எரிக்கும், நினைவு போகும் வரை பன்றி மூச்சுக்குத் திணறும்.

மீனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வளர்ப்பு மீன்கள் மட்டும் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி. தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே போட்டால் சாக நிமிடக்கணக்கில் ஆகும். பனிக்கட்டியில் போட்டால் உடல் வினைகள் மெதுவாகி உணர்வு இன்னும் நீளவே செய்யும். கண்களுக்குச் சற்று மேலே மூளை இருக்கும் இடத்தில் மரக்கட்டையால் ஒரே அடி, உடனே செவுளை வெட்டி ரத்தம் வடிப்பது: இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. இறால் குஞ்சுப் பண்ணைகளில் தாய் இறாலை முட்டையிடவைக்க ஒரு கண் காம்பை நசுக்கி நீக்கும் வழக்கமும் உண்டு. நண்டு, இறால் வகைகளுக்கு உணர்வு உண்டு என்று பிரிட்டன் 2022-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இப்போது அட்டைக்கு வருவோம். "இயற்கையானது" என்பதற்குப் பிராணி நலனில் பொருளே கிடையாது. "ஆன்டிபயாட்டிக் இல்லாதது" என்பதைப் பார்த்தால் நோய் வந்த பிராணிக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அட்டை போய்விடும் என்று மருந்து கொடுக்காமல் விட்டால் அது நலனுக்கு எதிரானது. நேர்மையான பண்ணை மருந்து கொடுத்து, அந்தப் பிராணியை அந்த அட்டை இல்லாமல் விற்கும். பண்ணையாளரிடம் நேரில் பேச முடிந்தால் எந்த ரகம், கடைசி வாரத்தில் இறப்பு எவ்வளவு, உள்ளங்கால் புண் எத்தனை சதவீதம், எங்கே எப்படி அறுபடுகிறது என்ற நான்கையும் கேளுங்கள். இடம் எவ்வளவு என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும்.

சிவப்பு இறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றுச்சூழல் கணக்கில் அது சரிதான். பிராணிகளின் கணக்கில் தலைகீழ். ஒரு மாட்டிலிருந்து 250 கிலோ இறைச்சி என்று வைத்துக்கொண்டால், கோழிக்கு ஒன்றரைக் கிலோ வீதம் அதே எடைக்கு 160 கோழிக்கு மேல் வேண்டும். அந்த 160-உம் பெரும்பாலும் வேக ரகத்தில் பிறந்தவை. குறைக்க நினைப்பவர் கோழியையும் கூண்டு முட்டையையும் முதலில் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு வகைகளை வைப்பதுதான் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தரும்.